அடிவானத்துக்குக் கீழே நான்கு விரல்

அந்தச் சின்ன விமானம் ஓடுபாதையைத் தொடவில்லை, அறைந்தது. அறைந்து, எகிறி, மறுபடியும் அறைந்து, அதன் பிறகே மனமில்லாமல் ஓடியது. பட்டை அவள் தோளை அறுத்தது. பற்கள் ஒன்றோடொன்று மோதின. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. தவறினால் திட்டவும் தாங்கவும் ஆளில்லாத தனிப் பறப்பு அது.

காதுக்குள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்காரரின் குரல் கரகரத்தது. "என்னம்மா, பாதையில பள்ளம் தோண்டுற உத்தேசமா?"

"இறங்கிட்டேன் சார்."

"இறங்குனதா அது? விழுந்தது. பதிவேட்டுல சேராது, சொல்லிட்டேன்."

அவள் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தாள். திங்கட்கிழமை இரண்டு முறை, செவ்வாயான இன்று ஒரு முறை, ஆக மூன்று. தொடர்ந்து நான்கு முறை இப்படித் தரையில் முட்டினால் தனிப் பறப்பு அனுமதி ரத்து என்பது அந்தப் பறப்புக் கழகத்தின் விதி. பத்து நல்ல இறக்கங்களில் ஏழு முடித்திருந்தாள். மீதி மூன்றையும் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் முடிக்காவிட்டால், ஆண்டுக்கு ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் இலவசப் பயிற்சி இடம் பறிபோகும். பட்டியலில் அவளுக்கு அடுத்தபடி நின்றவன் மில்லுக்காரரின் தம்பி மகன். மில்லுக்காரரின் சொந்த மகனோ கட்டணம் கட்டி அதே கழகத்தில் பயின்றுகொண்டிருந்தான்.

இந்த உறவு முறையை அவள் நாளுக்குப் பத்து முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

இறங்கியவுடன் வாலருகே சென்று, மேலும் கீழும் அசையும் வால் பலகையைத் தூக்கிப் பார்த்தாள். வழக்கம்போலவே அசைந்தது. வழக்கம்போலவே அசைந்ததுதான் அவளுடைய ஐயத்தைக் கிளறியது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எவன் கை வைப்பான்?

கழகம் அவளுக்குக் கற்பித்த முதல் பாடம் பறத்தல் அன்று, பதுங்குதல். போட்டித் தேர்வில் முதலிடம் பெற்று வந்தவளுக்கு, நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் தங்கைக்கு, அங்கே கிடைத்த பெயர் 'ஓசி சீட்டு'. காற்று அடங்கிய காலை நேரங்கள் கட்டணம் கட்டியவர்களுக்கு. காற்று குறுக்கே பாயும் உச்சிவேளை அவளுக்கு. அவளுடைய பறப்புக் குறிப்பேடு ஒருமுறை தண்ணீர் வாளிக்குள் கிடந்தது. ஒரு முறை வாளிக்குள் விழுந்தது விபத்தாக இருக்கலாம். மறுநாள் அனைவரும் அதைப் பற்றி ஒரே மாதிரி சிரித்ததும் விபத்தா? ஐயம் அவளுக்குப் பிறவிக் குணம் அன்று. அந்த இடம் அவளுக்கு நாள்தோறும் ஊட்டிய உணவு.

போதாக்குறைக்குச் சனிக்கிழமைக் காட்சி ஒன்று கண்ணிலேயே நின்றது. கொட்டகைக்குள் இதே விமானத்தின் மறைவில் கழகத்தின் மெக்கானிக்கும் மில்லுக்காரர் மகனும் நின்று குசுகுசுத்தார்கள். அவன் எதையோ கொடுத்தான். அவர் அதை மடித்துச் சட்டைக்குள் திணித்தார். அவளைக் கண்டதும் இருவர் வாயும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன.

இப்போது அதே மெக்கானிக் கைத்துடைப்புத் துணியோடு வந்தார்.

"ஏம்மா, வாலை ஏன் அந்தப் பாடு படுத்துற?"

"இதுல யாராவது ஏதாவது பண்ணினாங்களாண்ணே?"

"யாரு பண்ணுவா? நான்தான் எண்ணெய் போட்டேன்."

"எப்ப?"

"சனிக்கிழமை." அவர் முகம் கொடுக்காமல் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "விமானம் சரியாத்தான் இருக்கு. நீதான் மூக்கைத் தூக்குற."

"நான் தூக்கலை. நாலு விரல் வச்சுத்தான் இறங்குறேன்."

"அப்ப விரலைத்தான் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான்கு விரல் என்பது அவள் கண்டுபிடித்ததன்று. தலைமைப் பயிற்றுநரான கேப்டன் கற்பித்தது. கையை முன்னே நீட்டி நான்கு விரல்களைப் படுக்கையாக அடுக்க வேண்டும். விரல்களின் மேல் விளிம்பில் அடிவானம், கீழ் விளிம்பில் விமானத்தின் மூக்கு. அதுவே இறங்கும் நிலை. "மீட்டர் பொய் சொல்லும், அடிவானம் பொய் சொல்லாது," என்பார். அவள் அந்த அளவை வேதமாகப் பிடித்துக்கொண்டாள். மூன்று முறையும் விரல்கள் கச்சிதமாகப் பொருந்தின. ஆனால் அறுபத்தைந்தில் நிற்க வேண்டிய வேகமுள் ஐம்பத்தைந்துக்குச் சரிந்தது. வேகம் குறைந்தால் ஊளையிடும் எச்சரிக்கைக் குழல் ஊளையிட்டது. விமானம் பொத்தென்று விழுந்தது. விரல் சரி, விளைவு பிழை. இடையில் எவனோ இருக்கிறான் என்று அவள் முடிவு கட்டினாள்.

இருக்கை மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேப்டன் அறைக்குப் போனாள். அந்த விமானத்தின் இருக்கை ஆறடி ஆண்களை அளந்து செய்தது. ஐந்தடிக்காரிகள் வானத்துக்கு வரக்கூடும் என்று அதைச் செய்தவனுக்குத் தோன்றவில்லை. ஆகவே மெத்தை இல்லாமல் அவளால் வெளியே பார்க்க முடியாது. கழகத்தில் விட்டால் காணாமல் போகும் என்பதால் வீட்டுக்கும் களத்துக்கும் அதைச் சுமந்து திரிந்தாள்.

கேப்டன் வழக்கத்துக்கு மாறாக எழுந்து நாற்காலியைக் காட்டினார். அந்த மரியாதையே அவளை எச்சரித்திருக்க வேண்டும்.

"மெக்கானிக் மேல சந்தேகமா? ஏன் மனசுலயே வச்சுப் புழுங்குற? எழுத்துல குடு."

குறைப் புத்தகம் என்று ஒன்று அங்கே உண்டு. பறந்தவர் அதில் ஒரு குறையை எழுதிவிட்டால், அது தீர்ந்தது என்று கையெழுத்தாகும் வரை விமானம் தரையை விட்டு நகரக் கூடாது. பக்கத்துக்கு மூன்று படிகள். ஒன்று விமானத் துறை அலுவலகத்துக்குப் போகும். ஆகையால் யாருமே எழுதமாட்டார்கள். "அண்ணே, பிரேக் கொஞ்சம் இழுக்குது," என்று மெக்கானிக்கின் காதில் போடுவார்கள். அவர் சரி செய்வார். புத்தகம் கன்னி கழியாமல் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும். இன்று கேப்டனே பேழையைத் திறந்து, புத்தகத்தை விரித்து, பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார்.

"எழுதினா விமானம் நின்னுடுமே சார். வெள்ளிக்கிழமை..."

"அதை நான் பாத்துக்கறேன். மெக்கானிக் பேரைத் தெளிவா எழுது."

எழுதினாள். வால் பலகையின் இயக்கம் மாறியிருக்கிறது என்றும், பராமரிப்பு மெக்கானிக் அதில் கை வைத்திருப்பார் என்று ஐயுறுவதாகவும், கொட்டையெழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டாள். மூன்று படிகளிலும் அழுத்தமாக விழுந்தது.

புதன்கிழமை விமானத் துறை ஆய்வாளர் வந்தார். விமானத்தின் தரைப்பலகைகளைக் கழற்றினார், கம்பிகளை அளந்தார், வேகமுள்ளுக்குக் காற்று கொண்டு போகும் குழாயை ஊதிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் மெக்கானிக்கை அன்று காலையிலேயே தற்காலிக நீக்கம் செய்துவிட்டார்கள். குற்றத்தைத் தேடுவதற்கு முன்பே தண்டனை கிடைத்துவிட்டது. இந்த அவசரம் அவளுக்குப் புதிய முள்ளாகக் குத்தியது. தன்னுடைய சொல்லுக்கு இந்தக் கழகத்தில் எப்போதிருந்து இவ்வளவு மதிப்பு?

அன்று மாலை வீட்டில் அண்ணன் ஓட்டுநர் சீருடையோடு சாய்ந்து கிடந்தார்.

"வேகத்தடையில நான் பஸ்ஸை இறக்குறதை விட மோசமா இறக்குறியாமே? கழகத்து வாட்ச்மேன் என் வண்டியில ஏறி ஊருக்கே சொல்றான்."

"விமானத்துல கை வச்சிருக்காங்கண்ணே."

"ஆமா, எனக்கும் அப்படித்தான். பிரேக் பிடிக்கலைன்னா எவனோ கை வச்சுட்டான். நான் காலை வைக்க மறந்ததே கிடையாது."

அண்ணி தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே சிரித்தாள். இருக்கை உறை தைக்கும் கடையில் அவளுக்கு வேலை. கடை மூடிய பின்பும் வீட்டில் அதே வேலை. "அவளை விடுங்க. ஏய் பெரிய மனுஷி, மெத்தை எப்படி இருக்கு? சொல்லவே இல்லையே நீ?"

"எந்த மெத்தை?"

"உன் சிம்மாசனம்தான். ஞாயித்துக்கிழமை உறையைத் துவைக்கப் பிரிச்சேன். உள்ள பஞ்சு அப்பளமா நசுங்கிக் கிடந்துச்சு. நாள் பூரா அதுல உக்காந்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்? கடையிலேர்ந்து நல்ல கெட்டி ஸ்பாஞ்சு கொண்டாந்து வச்சுத் தச்சேன். யானை உக்காந்தாலும் அமுங்காது."

அவள் மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். பிறகு, பேசுவதற்குப் பயந்தவள்போல மெதுவாகக் கேட்டாள்: "பழசு எங்க அண்ணி?"

"இதோ, என் காலுக்கடியில. மிதிக்க மெத்துன்னு இருக்கு."

சன்னலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். பழைய பஞ்சின் மேல் அமர்ந்து கையை நீட்டினாள். சன்னலின் கீழ்க்கட்டை மூக்கு. எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு அடிவானம். இடையில் நான்கு விரல். எழுந்து புதிய மெத்தையைப் போட்டு அமர்ந்தாள். அதே கட்டை, அதே தொட்டி. இடையில் ஐந்தரை விரல். கண் உயர்ந்தது, கட்டை தாழ்ந்தது. அந்த ஐந்தரையை நான்காகக் குறுக்க விமானத்தில் அவள் என்ன செய்திருப்பாள்? மூக்கைத் தூக்கியிருப்பாள். மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் குழல் ஊளையிடும். விமானம் உண்மையைத்தான் சொல்லிற்று; மீட்டரும் உண்மையைத்தான் சொல்லிற்று; மெக்கானிக்கும் உண்மையைத்தான் சொன்னார்.

"என்னடி, சன்னலுக்குச் சல்யூட் அடிக்கிற?" என்றார் அண்ணன்.

அவள் மெக்கானிக்கின் பெயரை எழுதியிருந்தாள். ஒரு மனிதனின் பிழைப்பின் மேல் மூன்று படிகளில் எழுதியிருந்தாள்.

அண்ணிக்கு விவரம் புரிந்ததும் அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். "நான் உன் நல்லதுக்குத்தானே..."

"உங்களை ஒண்ணும் சொல்லலை அண்ணி. தெரியாத ஊர்லயெல்லாம் திருடனைத் தேடினேன். உக்காந்திருந்த இடத்தைப் பாக்கலை."

வியாழன் காலை அவள் முதலில் போனது கேப்டன் அறைக்கு. சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கிடவில்லை. முடித்தபின் கதவைச் சாத்தினார்.

"இந்த மெத்தைக் கதை நீ எங்கிட்ட சொல்லலை, நானும் கேக்கலை. வெளியிலேர்ந்து ஒரு மெக்கானிக் வந்து கையெழுத்துப் போடுவான். நாளைக்குக் காலையில நீ பறக்கற. மூணையும் முடிச்சுட்டுப் போய்ச் சேரு."

"அப்ப அவரு?"

"அவரைப் பத்தி உனக்கென்ன? வேற மாதிரி யோசிச்சுப் பாரு. நீ போய் மெத்தைன்னு சொன்னா, மெத்தைக்கும் வாலுக்கும் வித்தியாசம் தெரியாத பொண்ணுக்குத் தனியாப் பறக்க அனுமதி எதுக்குன்னு நானே கேக்க வேண்டியிருக்கும்."

நான்கு நாளாக விமானத்தின் வாலில் தேடிய விஷமம், சட்டை மடிப்புக் கலையாமல் அவள் எதிரே அமர்ந்திருந்தது. ஆனால் எதற்காக? அதை அவளால் ஊகிக்க முடியவில்லை.

கொட்டகையில் மெக்கானிக் தன் கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"வந்துட்டியா? பெட்டியையும் சோதனை போடணுமா?"

"மெத்தைண்ணே. என் மெத்தைதான் உயர்ந்து போச்சு. உங்க தப்பு இல்லை." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அவர் கையிலிருந்த திருகுச்சாவியை வெகுநேரம் துடைத்தார். "பதினெட்டு வருஷம். ஒரு பஞ்சு மெத்தை."

"அன்னிக்கு மில்லுக்காரர் மகன் உங்களுக்கு எதையோ குடுத்தான். அதைப் பாத்துட்டுத்தான்..."

"கையெழுத்துக் குடுத்தான்!" அவர் குரல் தகரக்கூரையில் மோதித் திரும்பியது. "மூணு விமானத்துக்கு நான் ஒருத்தன். ராத்திரி பகலா முடுக்கிக்கிட்டே இருந்தா ஒரு நாள் ஒரு ஆணியை மறப்பேன். செத்துப் போறது நீங்க. ரெண்டாவது ஆள் போடுங்கன்னு மேலிடத்துக்கு மனு எழுதி, பயிலுறவங்ககிட்ட எல்லாம் கையெழுத்து வாங்கினேன். அது கேப்டன் காதுக்குப் போச்சு. எந்தக் காரணத்தைச் சொல்லித் துரத்தலாம்னு அலைஞ்சுக்கிட்டிருந்தாரு. நீ எழுதிக் குடுத்துட்ட, அழகான கையெழுத்துல."

"என்கிட்ட ஏன் கேக்கலை?"

"நீ ஓசி சீட்டு. கையெழுத்துப் போட்டா முதல்ல தூக்குறது உன்னைத்தான். அதனாலதான் உன்னைக் கண்டா மூடி மறைச்சேன்." அவர் பெட்டியைப் பூட்டினார். "மறைச்சதுக்குக் கூலி கிடைச்சுது."

அவளுக்கு முகம் எரிந்தது. உழைக்கிறவனை உழைக்கிறவள் ஐயுறுவதைப்போல ஆளுகிறவனுக்கு வசதியான ஆயுதம் வேறெது? வாளியில் நனைந்த குறிப்பேடும், பறிக்கப்பட்ட காலை நேரமும் பொய்யல்ல. அவளுடைய கோபமும் பொய்யல்ல. அந்தக் கோபம் போய் நின்ற முகவரிதான் பொய்.

ஆய்வாளர் வராந்தாவில் மேசை போட்டு அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தார். குறைப் புத்தகம் எதிரே கிடந்தது. அவள் கேட்காமலே பேனாவை எடுத்தாள்.

"ஏம்மா, ஏம்மா, அரசாங்கப் புத்தகம்!"

"என் பக்கம்தான் சார்."

எழுதினாள். பழைய மெத்தையின் கனம், புதியதன் கனம், நான்கு விரல், ஐந்தரை விரல், மூன்று முறை முட்டியது, ஐம்பத்தைந்துக்கு இறங்கிய முள். பிழை விமானத்திலும் இல்லை, மெக்கானிக்கிடமும் இல்லை, எழுதியவளிடமே. கீழே ஒப்பமிட்டாள். ஓசை கேட்டு வந்த கேப்டன் அதைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் காது மடல் சிவந்தது.

"பொய்ப் புகார்! இவளோட அனுமதி இந்த நிமிஷமே ரத்து."

ஆய்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு நியாய அநியாயம் தெரியாது கேப்டன், விதி தெரியும். புகாரை வாபஸ் வாங்கியாச்சு. அந்த ஆளை நிறுத்தி வைக்கக் காரணம் இல்லை. ஆனா குறைப் பக்கம் திறந்து கிடக்கு. எழுதினவங்களே அந்த விமானத்துல பறந்து, குறையில்லைன்னு எழுதணும். அதுக்கு முன்னாடி மெக்கானிக் கையெழுத்துப் போடணும். பக்கம் மூடலைன்னா என் அறிக்கை முடியாது. அறிக்கை முடியலைன்னா நான் வீட்டுக்குப் போக முடியாது."

"சரி," என்றார் கேப்டன், புன்னகையைத் தைத்துக்கொண்டு. "பறக்கட்டும். இன்னும் ஒரு முட்டு. அதோட கதை முடிஞ்சுது."

வெள்ளிக்கிழமை காலை மெக்கானிக் கையெழுத்தை எளிதில் கொடுக்கவில்லை. இப்போது ஐயப்படும் முறை அவருடையது. ஒவ்வொரு திருகாணியையும் அவளைத் தொடச் சொன்னார். எரிபொருள் தொட்டியில் அளவுக்கோலை விட்டு, "படி. சத்தமா," என்றார். வால் பலகையை அவளே அசைத்துப் பார்க்கும் வரை அருகில் வரவில்லை.

"நல்லாப் பாத்துக்க. மேல போனதும் இன்னொரு பக்கம் எழுதத் தோணும்."

"தோணாதுண்ணே."

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்." கையெழுத்திட்டு, புத்தகத்தைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விலகி நின்றார்.

பழைய பஞ்சின் மேல் அமர்ந்து அவள் எழும்பினாள். மேலே வெயில் கூர்மையாக இருந்தது. நகரம் சாய்ந்து திரும்பியது. ஓடுபாதை நேர்கோடாகி எதிரே வந்தது. கையை நீட்டினாள். நான்கு விரல். இம்முறை விரலை நம்பிவிடாமல் முள்ளையும் பார்த்தாள், அறுபத்தைந்து. குழல் வாய் திறக்கவில்லை. தரை தானாகவே எழுந்து வந்து சக்கரத்தை ஏந்திக்கொண்டது.

"எட்டு," என்றார் கோபுரத்துக்காரர். "இதுக்குப் பேருதான் இறங்கறது."

கேப்டன் எதிர்பார்த்த நான்காவது முட்டு நிகழவில்லை, தொடர் அறுந்தது. அவர் அறையின் திரை அசைந்தது.

இரண்டாவது சுற்றில் மகிழ்ச்சி அவள் கையைக் கெடுத்தது. தரைக்கு ஓராள் உயரத்தில் அவசரமாகப் பிடியை இழுத்துவிட்டாள். விமானம் ஒருமுறை எகிறி அமர்ந்தது. கோபுரத்திலிருந்து குரல் உடனே வந்தது; அதில் பழைய கேலி இல்லை.

"குறுக்குக் காத்து அடிச்சுதாம்மா? அப்படின்னு குறிச்சுக்கட்டுமா? காத்துன்னு எழுதினா இதையும் சேத்துக்கலாம். உனக்கு நேரம் வேற போயிட்டிருக்கு."

அவர் நல்ல மனத்தோடுதான் கேட்டார். காற்று யாருக்கும் அண்ணன் தம்பி இல்லை. அதன் மேல் பழி போட்டால் எவர் வேலையும் போகாது. காற்றின் திசை காட்டும் துணி கம்பத்தில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. களத்தின் ஓரத்தில் புத்தகத்தை அணைத்தபடி நின்ற மெக்கானிக் இரண்டடி முன்னால் வந்திருந்தார். அவர் கண் சக்கரத்தில் இல்லை; அவள் உதட்டில் இருந்தது.

"காத்து இல்லை சார்," என்றாள். "விமானத்துலயும் ஒண்ணும் இல்லை. என் கை அவசரப்பட்டுடுச்சு."



"அப்ப இது சேராது. ரெண்டு பாக்கி. மணி பதினொண்ணே கால்."

"ரெண்டுக்கும் நேரம் இருக்கு சார்."

மெக்கானிக் வந்து சக்கரத்தின் அருகே குந்தினார். டயரை அமுக்கினார், அச்சைத் தட்டிப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை; மன்னிப்பும் இல்லை. ஆனால் இம்முறை அவளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லாமல், இறக்கைக்கு அப்பால் விலகி நின்று, போகலாம் என்று கையை வீசினார்.

பதினொன்று ஐம்பதுக்குப் பத்தாவது இறக்கம் கோபுரத்தின் பதிவேட்டில் ஏறியது.